புல்வெட்டும் மெஷின்: தீர்மானம் போடும் முன்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



மெஷின் வாங்க மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. விலைக்கு முன் தரையைப் பாருங்கள். பி பிளாக் முன்னால் சமதளம், அருகம்புல். அதற்கு உருளை பிளேடு வைத்த, கையால் தள்ளும் மெஷினே போதும். பெட்ரோல் செலவு இல்லை, மதியத் தூக்கமும் கெடாது. ஆனால் புல்லை உயர விட்டுவிட்டால் அது வெட்டாது. வாராவாரம் ஓட்ட ஆள் உண்டா?

கரண்ட் மெஷினில் ஒயர் பிளேடில் சிக்கலாம். ஈ.எல்.சி.பி. இல்லாத பிளக்கில் செருகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எடுக்கவே கூடாது.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் மதிலோரப் புதருக்குச் சரி. விளையாட்டுத் திடல் பக்கம் இரும்பு பிளேடு வேண்டவே வேண்டாம், நைலான் நரம்பு போடுங்கள். அதுவும் கல்லைத் தெறிக்க வைக்கும் என்பதால், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகே ஓட்ட வேண்டும்.

நம் தோட்டக்காரர் இன்று ரப்பர் செருப்போடு, கண்ணாடி இல்லாமல்தான் வெட்டுகிறார். முகக் கவசம், பூட்ஸ், காதடைப்பான் மூன்றையும் சேர்த்தே தீர்மானம் போடுங்கள். வந்த கொட்டேஷன் எதிலும் அந்த வரி இல்லை.