தணிக்கை மறைத்த நாற்பது உயிர்கள்

(மும்பையில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலே மெக்கே என்றொரு கடற்கரைப் பட்டினம். சுற்றிலும் கரும்பு விளையும் பூமி. அதன் அருகே பேக்கர்ஸ் கிரீக் என்ற சிற்றூரில் உள்ள ஒரு நினைவுச்சின்னத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நமக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் நண்பர் ஒருவர். சம்பந்தம் உண்டு, சொல்கிறேன்.

1943 ஜூன் 14. நியூகினிப் போர்முனையிலிருந்து சில நாள் விடுப்பில் வந்து இளைப்பாறிய அமெரிக்கப் படைவீரர்கள், மீண்டும் களத்துக்குக் கிளம்புகிறார்கள். ஏறியதோ ஆள் ஏற்றுவதற்காக மாற்றிய பழைய பி-17 குண்டுவீச்சு விமானம். விடியற்காலை, மூடுபனி. புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. இருந்தவர்கள் 41 பேர். மாண்டவர்கள் 40 பேர். ஆஸ்திரேலிய மண்ணில் இதைவிடக் கொடிய விமான விபத்து நடந்ததில்லை.

பத்திரிகைகள் மூச்சுவிட்டனவா? இல்லை. இராணுவத் தணிக்கை! தென்மேற்குப் பசிபிக்கில் விமான விபத்தில் மரணம் என்ற அளவோடு வீட்டுக்குத் தந்தி போயிற்று. எந்த ஊர் என்பதுகூடக் கிடையாது. பகைவன் காதுக்கு எட்டக் கூடாது என்றால், போர்க்காலத்தில் அது நியாயம்தான். 1945-ல் போர் முடிந்த பிறகு யாருக்கு அஞ்சினார்கள்? மகன் விழுந்த இடம் பெற்றவளுக்குத் தெரியக் கூடாதா?

நினைவுச்சின்னம் எழுந்தது 1992-ல். 49 ஆண்டுகள் கழித்து! இரு நாட்டு ஆர்வலர்களும் பழைய காகிதங்களைப் புரட்டி, மாண்டவர்களின் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அமெரிக்காவில், ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, அவர்களுக்கு நிலையான இடம் கிடைத்ததோ 2009-ல்தான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1944 ஏப்ரல் 14: பருத்தியையும் வெடிமருந்தையும் ஒன்றாகச் சுமந்து வந்த போர்ட் ஸ்டிக்கின் கப்பல், பம்பாய் விக்டோரியா டாக்கில் வெடித்தது. அங்கும் வெள்ளைக்கார அரசின் தணிக்கைதான். உயிரிழந்த தீயணைப்பு வீரர்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ல் அஞ்சலி செலுத்துகிறோம், வேண்டியதுதான். மூட்டை சுமந்த கூலிகள் எத்தனை பேர் போனார்கள்? மொத்தச் சாவையே 800 என்பாரும் உண்டு, 1300 என்பாரும் உண்டு.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ அன்று டாக்குக்குப் போய்த் திரும்பாதவராக இருந்தால், பெயரையும் சொந்த ஊரையும் இன்றே சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம்.