கடிகாரம் பொய் சொல்லாது… ஆனால் தொடக்கக் கோடு?

(இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு உங்ககிட்ட ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பத்திப் பேசப் போறேன். "இவ்வளவு பேசுறதுக்கு இருக்க, சைக்கிள் பந்தயமா?"ன்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் கேளுங்க. பேச்சு சைக்கிளில் தொடங்கும். முடியும்போது வேறு ஒரு கேள்வியில் வந்து நிற்கும்.

2025 செப்டம்பர். ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டின் தலைநகர் கிகாலி. உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. நூறாண்டுக்கும் மேலான வரலாறு கொண்ட அந்தப் போட்டி ஆப்பிரிக்க மண்ணில் காலடி வைத்தது அதுதான் முதல் முறை. 1994-ல் இனப்படுகொலையில் ரத்தம் சிந்திய நாடு அது. அதே நாட்டின் தெருக்களில், உலகத்தின் இளைஞர்கள் எல்லாம் சைக்கிளோடு வந்து நின்றார்கள்.

அந்த வாரத்தில் இன்னொரு முதல் முறையும் நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். செப்டம்பர் 22 அன்று, 23 வயதுக்குட்பட்ட பெண்களுக்கென்று தனியாக டைம் ட்ரையல் போட்டி நடந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் அந்த வயதுப் பெண்கள் தங்களுக்கே சொந்தமான ஒரு பந்தயத்தில் ஓட்டியது அதுதான் முதல் தடவை.

டைம் ட்ரையல் என்றால் என்ன? கூட்டமாக ஓட்டும் பந்தயம் இல்லை இது. ஒரு மேடையிலிருந்து ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றைத் தப்பிக்க முடியாது. முன்னால் புறப்பட்டவரை எட்டிப் பிடித்தாலும் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது, விலகித்தான் போகணும். அணியில் நண்பர்கள் இருந்தாலும் பாதையில் உதவ மாட்டார்கள். நீ, உன் கால், உன் மூச்சு, ஒரு கடிகாரம். அவ்வளவுதான். அதனால்தான் சைக்கிள் உலகத்தில் இதை "உண்மையின் பந்தயம்" என்று சொல்வார்கள். கடிகாரத்துக்கு யார் மகன், யார் மகள், எந்த நாடு, எந்த நிறம் என்றெல்லாம் தெரியாது. அது பொய் சொல்லாது.

சரி, கடிகாரம் நியாயமானது. தொடக்கக் கோடு நியாயமானதா தோழர்களே?

கணக்கைப் பாருங்க. 23 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான உலக டைம் ட்ரையல் தொடங்கியது 1996-ல். பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது 2025-ல். இடையில் 29 வருஷம்! அந்த 29 வருஷமும் ஒரு பெண் பதினெட்டு வயது வரை ஜூனியர். பத்தொன்பது ஆனதும், பத்துப் பதினைந்து வருஷம் அனுபவமுள்ள முதிர்ந்த வீராங்கனைகளோடு நேராக மோதணும். ஆண்பிள்ளைக்கு நாலு வருஷம் ஏணி இருந்தது. பெண்பிள்ளைக்கு ஏணியே இல்லை, குதி என்றார்கள்.

2022-ல் ஒரு பாதிக் கதவைத் திறந்தார்கள். பெரியவர்களுக்கான போட்டியிலேயே இளம் பெண்களும் ஓட்டுவார்கள். அவர்களில் யார் வேகமோ அவருக்கு 23 வயதுக்குட்பட்டோர் பதக்கம். ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங்கில் இத்தாலியின் விட்டோரியா குவாட்சினி அப்படித்தான் தங்கம் வாங்கினார். மொத்தப் பட்டியலில் அவர் நான்காமிடம்! பெரியவர்களுக்கு ஈடுகொடுத்தவர். பதக்கம் கிடைத்தது. ஆனால் போட்டி அவருடையது இல்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "கடிகாரத்தோடுதானே போட்டி? யாரோடு சேர்ந்து ஓட்டினால் என்ன?" நியாயமான கேள்வி. பதிலும் நேரானது. ஒரு நாடு ஒரு போட்டிக்கு அனுப்பக்கூடிய ஆட்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. இருக்கிற ஒன்றிரண்டு இடத்துக்கு அனுபவமுள்ள வீராங்கனையை அனுப்புவார்களா, இருபது வயசுப் பெண்ணை அனுப்புவார்களா? நீங்களே சொல்லுங்க. கடிகாரம் நியாயம் சொல்லணும்னா, முதலில் அந்தப் பெண் மேடை ஏறணும் இல்லையா? மேடைக்கே வராதவரின் நேரத்தை எந்தக் கடிகாரமும் குறிக்காது.

தனி இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆண்கள் பக்கமிருந்தே ஒரு உதாரணம் சொல்றேன்.

2019, இங்கிலாந்தின் யார்க்‌ஷர். கொட்டும் மழை. சாலையில் குளம் போலத் தண்ணீர். டென்மார்க்கைச் சேர்ந்த ஜோஹன் பிரைஸ்-பெய்ட்டர்சன், அப்போது இருபது வயசு. வேகமாக வந்தவர் தேங்கிய தண்ணீரில் சறுக்கி விழுந்தார். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. அன்று வென்றவர் அதே டென்மார்க்கின் மிக்கேல் பியர்க், தொடர்ந்து மூன்றாவது முறையாக. மறு வருஷம் கொரோனாவால் இந்த வயதினருக்குப் போட்டியே நடக்கவில்லை. ஆனால் 2021-ல் பெல்ஜியத்தில் வென்றது யார்? தண்ணீரில் விழுந்த அதே பிரைஸ்-பெய்ட்டர்சன்!

அவர் திறமையால் எழுந்தார், மறுக்கவில்லை. ஆனால் எழுந்து வருவதற்கு ஒரு பந்தயம் அவருக்காகக் காத்திருந்தது. விழுந்தவனுக்கு இரண்டாவது வாய்ப்பு தரும் ஏற்பாடு அங்கே இருந்தது. அதே காலத்தில் விழுந்த பெண்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. எத்தனை பேர் அதோடு சைக்கிளை ஓரம் கட்டினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அதே பெல்ஜியம், அதே 2021, அதே வாரம், அதே வயதுப் பிரிவு. சாலைப் பந்தயத்தில் எரித்திரியாவின் பினியம் கிர்மே வெள்ளி வென்றார். உலக சாலை சாம்பியன்ஷிப்பில் பதக்கம் வாங்கிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் உள்ள உலக சைக்கிள் மையத்தில் பயிற்சி பெற்றவர். மூன்று வருஷம் கழித்து, 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டையையும் வாங்கினார். திறமை எரித்திரியாவில் எப்போதும் இருந்தது. வாய்ப்புதான் தாமதமாக வந்தது.

மறுபடி கிகாலிக்கு வருவோம். சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏறி இறங்கும் மலைச்சாலை. பெண்களின் அந்த முதல் பந்தயத்தில் வென்றவர் பிரிட்டனின் ஸோயி பேக்ஸ்டெட். இருபத்தோராவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரண்டாவதாக வந்தவரைவிட ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் முன்னால் முடித்தார். டைம் ட்ரையலில் அது மலையளவு வித்தியாசம்.

அவர் சைக்கிள் குடும்பத்துப் பெண். அப்பா மேக்னஸ் பேக்ஸ்டெட் 2004-ல் பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றவர். ஸோயியின் உழைப்பில் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நல்ல சைக்கிள், நல்ல பயிற்சி, வழிகாட்ட வீட்டிலேயே ஆள் எல்லாம் அமைந்த ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் அந்த வெற்றி காட்டியது. இந்தப் பந்தயத்துக்கென்றே செய்யும் உயர்தர சைக்கிள் ஒன்று பல லட்ச ரூபாய். காற்றைக் கிழிக்கும் கைப்பிடி, மூடிய பின்சக்கரம், தனி ஹெல்மெட். அது இல்லாமல் சாதாரண சாலை சைக்கிளில் வருகிற பெண்ணையும் அதே கடிகாரம்தான் அளக்கிறது. கடிகாரம் பொய் சொல்லவில்லை தோழர்களே. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். கிகாலியில் 23 வயதுக்குட்பட்ட ஆண்கள் ஓட்டிய தூரம் 31.2 கிலோமீட்டர். பெண்களுக்கு 22.6. அது பதினேழு, பதினெட்டு வயசு ஜூனியர் பையன்களுக்குக் கொடுத்த அதே தூரம். ஆக, கதவு திறந்திருக்கிறது, முழுசாகத் திறக்கவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை யாராவது "திறமை இருந்தா தானா மேல வருவாங்க"ன்னு சொன்னா, கோபப்படாதீங்க. அமைதியாக மூணு கேள்வி கேளுங்க. அவங்க ஏற மேடை இருந்ததா? ஓட்ட நல்ல வண்டி இருந்ததா? விழுந்தா மறுபடி வர அடுத்த பந்தயம் இருந்ததா?

நாளைக்கு உங்க ஊரில், உங்க கிளையில், நீங்களே ஒரு சைக்கிள் போட்டி நடத்தலாம். பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வையுங்க. அதே தூரம், அதே பரிசுத்தொகை வையுங்க. சைக்கிள் இல்லாத பிள்ளைக்கு ஒரு சைக்கிள் ஏற்பாடு பண்ணுங்க. அப்புறம் கடிகாரத்தை ஓட விடுங்க. அப்போது அது சொல்லும் நேரத்தை நாம் எல்லோரும் தலைவணங்கி ஏற்போம்.