இரண்டாவது மைல்

(நெய்யூரில் நடந்த மாணவர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அன்றாடப் பேச்சுக்கான ஆங்கில மரபுத்தொடர்கள் என்று தலைப்புக் கொடுத்திருக்கீங்க. உள்ளே நுழையும்போதே ஒரு தோழர் பிடிச்சு நிறுத்திட்டார். "கூலிப் பிரச்சினை கிடக்கு, சுடுகாட்டுப் பாதை கிடக்கு, இயக்கக் கூட்டத்தில இங்கிலீஷ் டியூஷனா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிட்டே போறேன்.

நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன், பொறியியல் முடிச்சவன், சென்னையில ஒரு தனியார் கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனான். மதிப்பெண்ணில குறையில்லை. எழுத்துத் தேர்வும் தாண்டிட்டான். கடைசிச் சுற்றில ஒரு அம்மா, "ஆர் யூ கம்ஃபர்டபிள் வேரிங் மெனி ஹேட்ஸ்?" என்று கேட்டிருக்காங்க. ஒரே ஆள் பல பொறுப்பையும் பார்க்கத் தயாரா என்பதுதான் கேள்வி. இவன், தொப்பி போடுற பழக்கம் எனக்கு இல்லை மேடம் என்று சொல்லிட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரும் சிரிச்சாங்க. பிறகு "வி வில் கெட் பேக் டு யூ" என்றார்கள். ஊருக்கு வந்து பத்து நாள் போனைக் கையிலேயே வைச்சிட்டு இருந்தான். உங்களைத் திரும்ப அழைப்போம் என்பதற்கு, அந்த இடத்தில, அழைக்க மாட்டோம் என்று பொருள். அதையும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இதில அவனுடைய அறிவுக் குறைவு எங்கே இருக்கு? இலக்கணம் அரசுப் பள்ளியிலும் கிடைக்கும். பழைய ரென் அண்ட் மார்ட்டின் வாங்கி, காலத்தையும் வினையையும் நாமே கற்றுக்கொள்ளலாம். மரபுத்தொடர் அப்படியில்லை. அது சாப்பாட்டு மேசையில, அப்பா போனில பேசும்போது, மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது காதில விழுந்து சேருகிறது. பரம்பரைச் சொத்து மாதிரி. ஊரில ஒருத்தன் நம்மைப் பார்த்ததும் "எந்தத் தெரு?" என்று கேட்பான். நகரத்துக் கண்ணாடிக் கட்டடத்தில அப்படிக் கேட்க முடியாது, அநாகரிகம். அங்கே அந்த வேலையை இந்த மாதிரித் தொடர்கள் பார்க்கின்றன. தகுதி, திறமை, 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே இது டியூஷன் விஷயம் மட்டுமில்லை.

இதில வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்துக்கு நெய்யூர் புது ஊர் இல்லை. மீட் ஐயர் 1828இல் இங்கே வந்து தங்கினார். 1838இல் டாக்டர் ராம்சே மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் இந்த ஆஸ்பத்திரியில்தான் இருபது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்தார். ஏறக்குறைய இருநூறு வருஷமாக ஆங்கிலம் இந்தத் தெரு வழியாகப் போய்வந்து கொண்டிருக்கிறது. எல்லா வீட்டுத் திண்ணையிலும் அது உட்காரவில்லை. மீட் ஐயர் பறையர் குலத்தில் பிறந்த ஒரு பெண்ணை மணந்தபோது அவருடைய சொந்த மிஷனரிகளே பொறுக்கவில்லை. சங்கத்தை விட்டே அவர் வெளியேற வேண்டி வந்தது. பிறகு திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளரானார். நூற்றாண்டு மலர்களில இதை ஒரு வரியில கடந்து போவாங்க, அதனால சொல்லி வைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வாறேன். ஆங்கில மரபுத்தொடர் என்றதும் நீங்க மிரளத் தேவையில்லை. அதில கணிசமானது ஏற்கெனவே உங்க வீட்டில இருக்கு. எங்கே இருக்கு? உங்க பாட்டி தலைமாட்டில வைச்சிருக்கிற வேதப் புத்தகத்தில இருக்கு. நீங்க இப்ப கோயிலுக்குப் போறீங்களா, புத்தரிடம் போயிட்டீங்களா, எதுவும் வேண்டாமென்று இருக்கீங்களா என்பது வேறு விஷயம். ஞாயிறு பள்ளியில கேட்ட கதை மறந்திருக்காது.

பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவின கதை தெரியுமில்லையா? 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்' என்றால் அதுதான். நாமும் கைகழுவி விட்டான் என்றுதான் சொல்கிறோம். பெல்ஷாத்சார் ராஜாவின் விருந்தில சுவரில ஒரு கை எழுதியதே, 'ரைட்டிங் ஆன் தி வால்' அது: அழிவு வரப்போகிறது, அறிகுறி கண்முன்னே தெரிகிறது. நேபுகாத்நேச்சார் கனவில கண்ட சிலைக்குத் தலை பொன், பாதத்தில களிமண். பெரிய மனிதரிடம் தெரியவரும் பலவீனத்துக்கு 'ஃபீட் ஆஃப் க்ளே'. நம்ம தலைவர்கள் சிலரைப் பற்றிப் பேசும்போது பயன்படும். ஊராருடைய பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டின் தலையில ஏற்றி வனாந்தரத்துக்கு விரட்டுவது லேவியராகமத்தில வருகிறது. அந்த ஆட்டுக்கு 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை 1530இல் உண்டாக்கியவர் டின்டேல். சாதாரண ஜனங்கள் வாசிக்கிற மொழியில வேதத்தைப் பெயர்த்ததற்காக 1536இல் அவரைக் கொன்று எரித்தார்கள். எல்லாரும் படிச்சிடக் கூடாது என்ற எண்ணம் நம்ம நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை.

'அட் தி லெவன்த் ஹவர்' என்று ஆபீசில தினமும் கேட்கலாம். கடைசி நேரத்தில என்று பொருள். இது திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதை. விடிய வந்தவனுக்கும், பொழுது சாயப் பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. ஏனென்று கேட்டால், கடைசியில வந்தவன் அதுவரை சும்மா நின்றதற்குக் காரணம் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடாததுதான். இடஒதுக்கீட்டைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்றது.

இன்னொன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கணும். 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்'. வேலை விளம்பரத்திலெல்லாம் இருக்கும். கேட்டதற்கு மேலேயும் மனமுவந்து உழைக்கிற ஆள் வேண்டுமாம். இது மலைப்பிரசங்கத்திலிருந்து வருகிறது. ரோமச் சிப்பாய் வழியில போற யூதனைப் பிடிச்சு, இந்த மூட்டையை ஒரு மைல் சும என்று கட்டாயப்படுத்தலாம். மறுக்க முடியாது, கூலியும் கிடையாது. அவனோடு இரண்டாவது மைலும் போ என்று இயேசு சொல்கிறார். ஏன் சொன்னார் என்பதில ஆயிரம் விளக்கம் உண்டு. சுமை தூக்க வைத்தவனை வெட்கப்பட வைக்கிற எதிர்ப்பு அது என்கிறவர்களும் உண்டு.

அந்த முதல் மைலுக்கு நம்ம ஊரில பெயர் ஊழியம். திருவிதாங்கூர் சர்க்காருக்காக நம்ம முன்னோர் கூலியில்லாமல் சுமந்த சுமை. 1810களில், கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. மற்ற ஆறு நாள்? சுமக்க வேண்டியதுதான். அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல்தான் வந்தது. ஆக, ஒரு மேனேஜர் சிரிச்ச முகத்தோட 'எக்ஸ்ட்ரா மைல்' என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள்ளே என்ன மூட்டை கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நேர்முகத்தில அதைப் பயன்படுத்துங்க, தாராளமா. வேலை கிடைச்ச பிறகு ஓவர்டைம் எவ்வளவு என்றும் கேளுங்க.

விளையாட்டிலிருந்து வந்தவை நிறைய. 'ஸ்டிக்கி விக்கெட்' கிரிக்கெட் பார்க்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'பால்பார்க் ஃபிகர்', 'டச் பேஸ்' இரண்டும் அமெரிக்க பேஸ்பால். முதலாவது உத்தேசக் கணக்கு, இரண்டாவது ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. அந்த விளையாட்டு தெரியாததால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவனுக்குக் கிட்டிப்புள் தெரியுமா?

இனி நம்ம பெயருக்கு வருவோம். இதுதான் கசப்பு. பதினேழாம் நூற்றாண்டில தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு சொல் 'பரையா'. பறை அடிக்கிறவன் என்று போன சொல், போன இடத்தில எல்லாரும் ஒதுக்கி வைத்தவன் என்று பொருள் மாறிப்போனது. தெருநாய்க்கு 'பரையா டாக்'. ஊர்ப் பருந்துக்குக்கூட 'பரையா கைட்' என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். இன்றைக்கும் நல்ல நல்ல பத்திரிகைகள் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. நிறவெறி நடத்திய தென்னாப்பிரிக்காவுக்கு உலகமே அந்தப் பட்டத்தைத்தான் கொடுத்தது. தீண்டாமையை நடத்தியவனைத் திட்ட, தீண்டப்படாதவன் பெயர்! அதே ஆங்கிலத்துக்குள் 'பிராமினும்' 'பண்டிட்டும்' போயிருக்கின்றன. பாஸ்டன் நகரத்து மேட்டுக்குடிக்கு 'பிராமின்' என்று பெயர் சூட்டியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 1860இல். தொலைக்காட்சியில உட்கார்ந்து கருத்துச் சொல்கிறவன் 'பண்டிட்'. ஒரே கப்பலில் போன மூன்று சொற்கள், இறங்கின இடத்திலும் அவனவன் தெருவிலேயே குடியேறிவிட்டன.

என்ன செய்யலாம்? அந்தச் சொல்லை நாம் பயன்படுத்த வேண்டாம். 'ஷன்ட்', 'ஐசொலேட்டட்' என்று வேறு சொற்கள் இருக்கு. எதிரே இருக்கிறவர் சொன்னால், 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்று தொடங்கி, அது ஒரு மக்களின் பெயர் என்று சொல்லுங்க. மரியாதையோடு மறுக்கப் போகிறேன் என்பதற்கான அறிவிப்பு அந்தத் தொடர். இதற்காகவாவது அதை மனப்பாடம் பண்ணணும். அப்படியே தமிழ்தான் யோக்கியம் என்றும் நினைச்சிட வேண்டாம். எந்தத் தமிழ்ப் பழமொழித் தொகுப்பையும் திறந்து பாருங்க, நம்மைப் பற்றி என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' பத்திரிகையை மராத்தியில் நடத்தினார். தன் மக்களோடு பேச அது. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையை ஆங்கிலத்தில் எழுதினார். அழைத்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னபோது ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்து, தானே அச்சிட்டு வெளியிட்டார். அந்த மொழியை அவர் யாரிடமும் கெஞ்சி வாங்கவில்லை, உட்கார்ந்து படித்தார்.

எப்படிப் படிப்பது? பட்டியல் போட்டு நூறு தொடரை உருப்போடாதீங்க. பள்ளிக்கூட நோட்ஸில இருக்கிற 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' மாதிரி ஆட்களை இப்போ பேச்சில அதிகம் பார்க்க முடியாது. ஒரு தொடரைக் கேட்டால் மூன்றை எழுதுங்க: யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது. 'கிக் தி பக்கெட்' என்றால் செத்துப்போவது என்று அகராதி சொல்லும். ஆனால் அது 'மண்டையைப் போட்டான்' மாதிரி. துக்க வீட்டில போய்ச் சொன்னால் அடிதான் விழும். 'கால் இட் எ டே' என்றால் இன்னைக்கு இவ்வளவு போதும். கூட வேலை செய்கிறவரிடம் சொல்லலாம், சேர்ந்த முதல் நாளே மேலதிகாரியிடம் சொன்னால் நல்லாயிருக்காது. 'ஆன் தி சேம் பேஜ்' என்றால் ஒரே கருத்தில இருக்கிறோம், யாரிடமும் சொல்லலாம். பேச்சில மரபுத்தொடரை உப்பு மாதிரிப் போடுங்க. வாக்கியத்துக்கு ஒன்று போட்டால் வாயில வைக்க முடியாது. புரியாவிட்டால், "வாட் டு யூ மீன் பை தட்?" என்று நிமிர்ந்து கேளுங்க. அர்த்தம் கேட்கிறவன் மட்டமில்லை. அந்த மேசையில சிரிச்ச மூணு பேரில ஒருத்தருக்காவது அர்த்தம் சொல்லத் தோன்றியிருக்கணும்.

தனியா உட்கார்ந்து படிச்சா இது வராது, வாய்விட்டுப் பேசணும். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு இதே இடத்தில தொடங்கலாம் என்று அக்காமார் சொல்லியிருக்காங்க. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. ஆபீசிலயோ, பஸ்ஸிலயோ, சினிமாவிலயோ காதில விழுந்த ரெண்டு தொடரை எழுதிட்டு வாங்க. பிலாத்து, பெல்ஷாத்சார் கதை தெரியாதவங்க பாட்டியைக் கேட்டுட்டு வாங்க. அந்தத் தொப்பிப் பையனும் வாறேன்னு சொல்லியிருக்கான். முதல் நாள் நேர்முகத்தை அவனே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நடத்தட்டும். சாயா நம்ம பொறுப்பு.