லேமினேட் பண்ணின டைம்டேபிள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

புதுச்சேரி முத்தியால்பேட்டையில இருந்து பேசுறேன். மாடி வீடு, ரெண்டு ரூம், ரெண்டு பசங்க. மூணு வருஷமா ரெண்டு பேரும் வீட்டுலதான் படிக்கிறாங்க. கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. பரவாயில்ல. ஒரே வீடு வீடாவும் பள்ளிக்கூடமாவும் ஆபீஸாவும் இருந்தா என்ன ஆகும்னு 2020-ல நீங்களும் பார்த்திருப்பீங்க.

ஏன் நிறுத்தினோம்ங்கிறது பெரிய கதை. பெரியவ ஆறாவது படிக்கும்போது தினமும் காலையில வயித்துவலி. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வலி வராது. அதோட விட்டுடறேன்.

நிறுத்தினதும் நான் செஞ்ச முதல் வேலை, ஒரு டைம்டேபிள் போட்டேன். எட்டரைக்குக் கணக்கு, ஒன்பதே காலுக்கு இங்கிலீஷ், பத்து மணிக்குப் பதினைஞ்சு நிமிஷம் இடைவேளை. கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி ஹால்ல ஒட்டினேன். பீரியட் முடிய போன்ல அலாரம் வேற. நான் வீட்டுல இருந்தே ரெண்டு கடைக்குக் கணக்கு எழுதுறவ. வீட்டுக்காரருக்கு ஹோட்டல்ல ஷிஃப்ட் வேலை, வாரத்துக்கு வாரம் மாறும். அவர் நைட் முடிச்சுட்டு வந்து தூங்குற நேரத்துல என் அலாரம் அடிக்கும். கேஸ் சிலிண்டர்காரர் வருவார். ஜி.எஸ்.டி. போட வேண்டிய நாள்ல கடைக்காரர் நாலு தடவை கூப்பிடுவார். பத்து மணிக்குள்ள அந்த டைம்டேபிள் பொய்யாயிடும். பொய்யாயிடுச்சேன்னு நான் பசங்க மேல எரிஞ்சு விழுவேன்.

மூணாவது வாரம் பெரியவ அழல, சத்தமும் போடல. சாதாரணமா சொன்னா: "என்னை ஸ்கூல்லயே விட்டுடும்மா. அங்க டீச்சர் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாங்க."

அன்னைக்கு ராத்திரியே அதைச் சுவத்துல இருந்து எடுத்துட்டேன். லேமினேட் பண்ணதால கிழிக்கக்கூட முடியல. இப்ப அரிசி டப்பாவுக்கு அடியில கிடக்கு.

அந்த வாரம் படிப்பே நடக்கல. பெரிய மார்க்கெட்டுக்குப் போனப்போ, பக்கத்துல இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைக் காட்டி, "இவர் யாரு?"ன்னு சின்னவன் கேட்டான். துய்ப்ளேக்கு துபாஷா இருந்தவர், டைரி எழுதினவர்னு எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வரியைச் சொன்னேன். அப்புறம் ரோமன் ரோலன் நூலகத்துக்குப் போய் ஒரு தொகுதியைப் புரட்டினோம். (அந்த நூலகம் 1827-ல ஆரம்பிச்சது. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நான் அதுவரைக்கும் உள்ளே போனதில்ல, அதையும் சொல்லிடறேன்.) 1736-லிருந்து 1761 வரைக்கும், இருபத்தஞ்சு வருஷம் அந்த மனுஷன் எழுதியிருக்கார். எந்தக் கப்பல் வந்துச்சு, யார் யாரோட சண்டை, சரக்கு என்ன விலை, ஊர்ல என்ன வதந்தி. கடைசியில ஊரை இங்கிலீஷ்காரங்க முற்றுகை போட்டிருந்தப்போதான் அவர் செத்தார். நாளைக்கு என்ன செய்யணும்னு அவர் அட்டவணை போட்டாரோ இல்லையோ, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு எழுதி வச்சார்.

எனக்கு அது பிடிச்சுக்கிச்சு. இருநூறு பக்க கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ரெண்டு வாங்கினேன், ஆளுக்கு ஒண்ணு. ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம் எழுதுவோம். என்ன செஞ்சோம், என்ன கேள்வி வந்துச்சு, எது பாதியில நிக்குது, அவ்வளவுதான். காலையில அரை மணி நேரம் கணக்கு, அது மட்டும் மாறாது. மத்ததெல்லாம் அன்னன்னைக்கு எப்படி வருதோ அப்படி. வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிச்சு வந்ததும் நோட்டைப் பார்ப்பார். பாதியில நிக்கிறதை மறுநாள் அவர் எடுத்துப்பார். முன்னாடியெல்லாம் "இன்னைக்கு என்ன படிச்சாங்க?"ன்னு அவர் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், விசாரணை மாதிரி. இப்ப அவர் கேட்கிறதே இல்ல.

ஒரு உதாரணம். ஆகஸ்ட் 15 லீவு சரி, நம்ம ஊர்ல மட்டும் 16-ஆம் தேதியும் எதுக்குக் கொண்டாடுறாங்கன்னு பெரியவ கேட்டா. கேள்வியை எழுதி வச்சோம். நாலு நாள் ஓடுச்சு அது. 1954 அக்டோபர் 18-ல கீழூர்ல வாக்கெடுப்பு, 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட சேரணும்னு ஓட்டு. நவம்பர் 1-ல நிர்வாகம் கைமாறுச்சு. சட்டப்படி ஒப்படைச்சது 1962 ஆகஸ்ட் 16-ல. 170 எத்தனை சதவீதம்னு சின்னவன் கணக்குப் போட்டான். ஒருநாள் பஸ் ஏறி கீழூருக்கே போய் நினைவிடத்தைப் பார்த்துட்டு வந்தோம். டைம்டேபிள்ல இதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?

நோட்டு நம்மளைக் காட்டியும் கொடுக்கும். ஞாயித்துக்கிழமை ஓரத்துல கலர் பென்சிலால புள்ளி வைப்போம், பாடத்துக்கு ஒரு கலர். ரெண்டாவது மாசம் பார்த்தா தமிழுக்கு வச்ச பச்சையையே காணோம். வீடு முழுக்கத் தமிழ்லதான் பேசுறோம், படிக்கிறோம். ஆனா அஞ்சு வாரத்துல ரெண்டு பேரும் தமிழ்ல ஒரு பக்கம்கூட எழுதல. அப்ப ஆரம்பிச்சதுதான் வில்லியனூர் ஆயாவுக்குக் கடிதம். பதினைஞ்சு கிலோமீட்டர்கூட இல்ல, ஆனாலும் தபால்லதான். ஆயா பதில் போடுவாங்க, தப்பை சிவப்பு மையால சுழிச்சு.

பொருள் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். எங்களுக்கு இருக்கிறது ஒரே மேசை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி மேசை மேல இருக்கிறதெல்லாம் கூடைக்குள்ள போயிடணும், பாதி ஒட்டின சார்ட் உட்பட. மத்தபடி வீடு அலங்கோலமாத்தான் இருக்கும்.

போன வருஷம் என் மாமனார் ஆஸ்பத்திரியில இருந்தப்போ இருபத்தி மூணு நாள் நோட்டுல ஒண்ணுமே இல்ல. அப்புறமா உட்கார்ந்து ரொப்பிடலாமான்னு யோசிச்சேன். பெரியவ வேணாம்னுட்டா. வெறும் பக்கமாவே இருக்கு.

இப்போ அவளுக்குப் பதினாலு. என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளியில பத்தாவதுக்குப் பதியணும். பதினாலு வயசு முடிஞ்சிருக்கணும். குறைஞ்சது அஞ்சு பாடம், அதுல ஒரு மொழியாவது இருக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை தேர்வு. அஞ்சு வருஷத்துக்குள்ள ஒவ்வொரு பாடமா எழுதி முடிக்கலாம். அசைன்மென்ட்டுக்கு இருபது சதவீதம் உண்டு, அதனால அந்தத் தேதியெல்லாம் காலண்டர்ல சிவப்புல இருக்கு. எங்க வீட்டுல தேதி போட்டுத் திட்டமிடுற ஒரே விஷயம் இதுதான். டி.சி., ஆதார், பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரே ஃபைல்ல.

எட்டாவது பாஸ் பண்ணின சான்றிதழ் இல்லாதவங்க, பத்தாவது பாடத்தைப் படிக்கிற அளவுக்கு நான் படிச்சிருக்கேன்னு தானே எழுதிக் கொடுக்கணும். ஒரு வரிதான். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்குச்சு. மூணு வருஷமா சொந்தக்காரங்க கேட்ட கேள்வி, நான் ராத்திரியில என்னையே கேட்டுக்கிட்ட கேள்வி, அது ஒரு ஃபார்ம் மாதிரி வந்து உட்கார்ந்திருக்கு. இவ உண்மையிலேயே படிச்சிருக்காளா? இல்ல, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பிள்ளையோட மூணு வருஷத்தை வீணடிச்சுட்டோமா?

அன்னைக்கு ராத்திரி அவளோட நோட்டு ஆறையும் எடுத்து மேசையில போட்டோம். அவளே புரட்டினா. பின்னக் கூட்டல்ல ரெண்டு வாரம் அழுதது. கீழூர். தாத்தாவோட அந்த வெறும் பக்கங்கள். அறிவியல்ல மஞ்சள் புள்ளி ரொம்பக் கம்மியா இருந்தது, அதை ரெண்டு பேருமே பார்த்தோம். "அறிவியலை முதல் வருஷம் எழுத மாட்டேன், அடுத்த தடவை பார்த்துக்கிறேன்"னா. தமிழ், இங்கிலீஷ், சமூக அறிவியல் மூணையும் முதல்ல எழுதறதுன்னு முடிவாச்சு. அப்புறம் தாளை என் கையில இருந்து வாங்கி அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டா.

சின்னவன் ஜூன்ல இருந்து ஸ்கூலுக்குப் போறேங்கிறான். கிரிக்கெட் டீம் வேணுமாம். சரின்னுட்டோம். அட்மிஷன் ஃபார்ம் வாங்கியாச்சு. அவன் நோட்டுல இன்னும் நாப்பது பக்கம் இருக்கு, அதை முடிச்சுட்டுத்தான் போவேன்னு ராத்திரி ராத்திரி பெரிய பெரிய எழுத்தா எழுதிக்கிட்டு இருக்கான்.