கோணல் கோபுரத்து ஊர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



கடல் கடந்து வாழ்பவர்கள் தத்தம் ஊரைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசவேண்டும் எனச் சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். நான் வாழும் ஊர் செஸ்டர்பீல்ட். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஒரு சந்தை நகரம்.

இந்த ஊரின் அடையாளம் புனித மரியாள் தேவாலயத்தின் கூம்புக் கோபுரம். 228 அடி உயரம். நேராக நிற்க வேண்டிய கோபுரம் முறுக்கிய துணிபோலத் திருகி, உச்சி ஒன்பதரை அடி விலகிச் சாய்ந்து நிற்கிறது. தூபப் புகை மூக்கில் ஏறிப் பிசாசு தும்மியதால் வந்த கோணல் என்று ஊரவர் கதை சொல்வார்கள். உலராத பச்சை ஓக் மரத்தில் கட்டி, அதன்மேல் 33 தொன் ஈயத்தகடு போர்த்தியதே காரணம் என்பது அறிந்தவர்கள் கூற்று. 1961ஆம் ஆண்டு தேவாலயத்தில் தீப்பிடித்தபோதும் கோபுரம் தப்பியது. யாரும் அதை நிமிர்த்த நினைப்பதில்லை. கோணல்தான் ஊருக்குப் பெருமை.

அந்தக் கோபுரத்தின் கீழ் எல்லாவற்றையும் நேராக்க விரும்பிய ஒருவரும் வாழ்ந்தார். புகையிரதப் பாதைகளின் தந்தை எனப் போற்றப்படும் ஜோர்ஜ் ஸ்டீவன்சன்தான் அவர். டெர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பாதையை அமைக்க வந்தவர், இங்குள்ள டாப்டன் மாளிகையில் குடியேறினார். 1840இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. முதுமையில் தோட்டத்தில் இறங்கி, வெள்ளரிக்காய் வளையாமல் வளரக் கண்ணாடிக் குழாய்கள் செய்வித்தாராம். 1848இல் காலமாகி இவ்வூரிலேயே அடக்கமானார். புகையிரத நிலையத்தின் முன் அவருடைய சிலை நிற்கிறது. இன்று அங்கிருந்து ஷெபீல்டுக்குக் கால்மணி நேரம். இலண்டனுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எம்-1 நெடுஞ்சாலையும் ஊருக்குக் கிழக்கே அருகில்தான்.

அடுத்தது உதைபந்தாட்டம். 1966இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் பந்துக் காப்பாளர் கோர்டன் பாங்ஸ் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியது இந்த ஊர்க் கழகத்தில். 1997இல் மூன்றாம் தரத்தில் ஆடிய இக்கழகம் எப்.ஏ. கிண்ண அரையிறுதிவரை சென்றது. 2-1 என முன்னணியில் இருந்தபோது, உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தது. நடுவர் கோல் வழங்கவில்லை. ஆட்டம் 3-3. மறுஆட்டத்தில் தோல்வி. அந்தக் கோலைப் பற்றி இன்றும் தேநீர்க்கடையில் வழக்கு நடக்கிறது!

2018இல் கழகம் லீக்கை விட்டே வெளியேறியது. 2020இல் கழகத்தின் சமூக அறக்கட்டளையே அதைப் பொறுப்பேற்றது. 2024இல் வெற்றிக் கிண்ணத்தோடு லீக்குக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் மழையிலும் குளிரிலும் மைதானம் சென்றவர்கள்தான் என் அயலவர்கள்.

சந்தையின் கதையும் இதுவே. 1204இல் ஜோன் மன்னரின் சாசனம் பெற்ற அந்தச் சந்தைச் சதுக்கத்துக்கு 1970களில் ஆபத்து வந்தது. பெரிய கடைத்தொகுதி கட்டத் திட்டமிட்டார்கள். ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். திட்டம் மாறியது. இன்றும் வியாழக்கிழமைகளில் பழம்பொருட் கடைகள் அங்கே விரிகின்றன.

சகோதரிகளே, எண்ணூறு ஆண்டுச் சந்தையும் தானாக நிலைக்கவில்லை. வந்து நின்றவர்களால் நிலைத்தது. வெளிநாட்டுக் கிளைகளில் எங்கள் கூட்டங்களுக்கு வருவோர் தொகை குறைந்து வருகிறது. பிள்ளைகளுக்கு ஈடுபாடில்லை என்று குறைப்படுகிறோம். என் அயலவர்கள் பேரப்பிள்ளைக்கு நடக்கத் தெரிந்தவுடன் நீலக் கழுத்துப்பட்டி அணிவித்து மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். வரலாறு பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். நாமும் அடுத்த கூட்டத்துக்கு மகளையோ மருமகளையோ கையோடு அழைத்து வருவோம்.

இங்கிலாந்து வரும் பழைய மாணவிகள் எவரும் எங்கள் ஊருக்கு வரலாம். புகையிரத ஜன்னலிலேயே கோபுரம் தெரியும். வழி கேட்கத் தேவையில்லை.