கேமராவை யாரிடம் கொடுக்கிறோம்?



எங்கள் பள்ளியில் மாணவர்களைக் குறும்படம் எடுக்கச் சொன்னேன். நடிக்க மாணவியரை அழைத்தேன். படமெடுக்கச் செல்பேசியை ஒரு மாணவனிடம் கொடுத்தேன். “நான் எடுக்கக் கூடாதா, மிஸ்?” என்று ஏழாம் வகுப்பு மாணவி கேட்டபோதுதான் என் தவறு புரிந்தது.

திரையுலகிலும் இந்தப் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1929இல் ஆஸ்கர் தொடங்கியபோதே ஒளிப்பதிவுக்கு விருது உண்டு. அதற்கு முதன்முதலாக ஒரு பெண், ரேச்சல் மாரிசன், பரிந்துரைக்கப்பட்டது 2018இல்தான். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என அறியப்படும் நம் பி.ஆர். விஜயலட்சுமி 1985இலேயே ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். ஆனால் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேர்வில்தான் முதன்முறையாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. ‘குட்டி ஸ்ராங்க்’ என்ற மலையாளப் படத்துக்காக அதைப் பெற்றவர் அஞ்சுலி சுக்லா.

விருதுக் குழு, எடுத்த படத்தைத்தான் பார்க்க முடியும். கேமராவே கைக்கு வராதவருக்கு விருது எப்படி வரும்? அந்த முதல் வாய்ப்பு நம் வகுப்பறையில் இருக்கிறது.

மறுநாள் அந்த மாணவியிடம் செல்பேசியைக் கொடுத்தேன். முதல் காட்சி ஆடியது. இரண்டாவது காட்சிக்கு முன், “வெளிச்சத்தை மறைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க மிஸ்” என்றாள். தள்ளி நின்றேன்.