சான்றிதழ் உள்ளே, நாம் வெளியே

(தம்மம்பட்டி மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீட் வந்து டாக்டர் படிப்புக்குக் கதவைச் சாத்திவிட்டது, பார்மசி படிக்கலாமா என்று வரும்போதே இரண்டு பேர் கேட்டார்கள். படிக்கலாம். நல்ல படிப்பு. ஆனால் மருந்துக்கடைக் கவுண்டர் இருக்கே, அது வெறும் மரப்பலகை இல்லை. மரவேலைக்குப் பேர்போன ஊரில் நின்று சொல்கிறேன். அந்தப் பலகைக்கு உள்பக்கம் யார் நிற்கிறது, வெளிப்பக்கம் யார் நிற்கிறது என்பதையும் சாதிதான் முடிவு செய்து வந்திருக்கிறது.

அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்து வைக்கிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த கடிதம். கத்தியவாரில் தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது. அவர் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுகிறார். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். கெஞ்சிக் கூத்தாடி, பீசுக்கு ஜாமீன் சொல்லி வரவழைத்தால், தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவன் கையில், கணவன் மனைவி கையில். திரும்பும்போதும் அதே வரிசை. நிமோனியா என்று மருந்து அனுப்பினார், மறுபடி வந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போனார்.

தெர்மாமீட்டருக்கே மூன்று கை மாற வேண்டியிருந்தது. மாத்திரை என்பது கையில் இருந்து கைக்கு, கையில் இருந்து வாய்க்குப் போகிற பொருள். சோறு மாதிரி. நம்ம கையால் சோறு வாங்காதவன் மாத்திரை வாங்குவானா?

1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், மருந்தகத்துக்குள் நம்மை விடாமல் தடுத்தால் குற்றம் என்று சொன்னது. சரி, வாங்கப் போகலாம். விற்கிற பக்கம்? 1948 பார்மசி சட்டத்தைப் பாருங்கள். முதல் பதிவேட்டில் சேர பட்டம்கூட வேண்டாம், ஐந்து வருசம் மருந்து கலந்த அனுபவம் இருந்தால் போதும் என்று ஒரு வழி வைத்தார்கள். 1948க்கு முன்னால் நம்ம தாத்தனை எவன் கம்பவுண்டராக உள்ளே விட்டு ஐந்து வருசம் மருந்து கலக்க வைத்திருப்பான்? சட்டத்தில் சாதிப் பேர் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் உள்ளே நின்றவன் உள்ளேயே நின்றான்.

இப்போது படித்துவிட்டோம். படித்தபின் என்ன நடக்கிறது? நான் டி.பார்ம் முடித்து, கவுன்சிலில் பதிந்து வந்த நேரம், ஒரு மெடிக்கல் முதலாளி வீடு தேடி வந்தார். வாசலோடு நின்றுகொண்டு, "சர்டிபிகேட்டக் குடு தம்பி, மாசாமாசம் பணம் வந்துரும், நீ கடைக்கு வரவேண்டியதில்ல" என்றார். நானே வந்து நிற்கிறேனுங்க என்றேன். "நீ நின்னா யாவாரம் படுத்துரும்" என்றார். ஒளிவுமறைவே இல்லை. என் பேர் அவர் சுவரில் தொங்கலாம், நான் அந்தச் சுவருக்குள் நிற்கக் கூடாது. கொடுக்கவில்லை. எங்கம்மா அப்போது களை வெட்டப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணம் எங்களுக்குப் பெரிய பணம்தான்.

சான்றிதழ் வாடகை என்பது நாடு முழுக்க நடக்கிற கள்ள யாவாரம், எல்லாச் சாதியிலும் விடுகிறார்கள். ஆனால் நமக்கு அது வேறு அர்த்தம். பார்மசி சட்டம் 42ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. சட்டம் கேட்பது ஆளை, பிரேம் போட்ட காகிதத்தை இல்லை. நம்ம காகிதத்தைத் தொங்கவிட்டு, பத்தாவது படித்த கடைப்பையனை நிறுத்தினால் பாதிப்பு யாருக்கு? கரும்பு வெட்டி, மரவள்ளி பிடுங்கி உடம்பு நொந்து போகிற நம்ம சனத்துக்கு. "ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று நிற்கிறார்கள். பேர் இல்லாமல், பில் இல்லாமல் நாலு கலரில் கத்தரித்துக் கொடுக்கிறான். அதில் டைக்ளோபினாக் இருக்கும், சில இடத்தில் ஸ்டீராய்டும் இருக்கும். வலி பறந்துவிடும், மறுநாள் வேலைக்குப் போகலாம். வருசக்கணக்கில் தின்றால் கிட்னி போகும், வயிற்றில் புண் வந்து ரத்தம் கக்கும். நம்ம பிள்ளையின் சான்றிதழ் நிழலில் நம்ம அம்மாவுக்கு இது நடக்கிறது. தினம் வருகிற கிழவியை, "ஆயா, நேத்தும் இதத்தானே வாங்கின, இனி இது ஆகாது, டாக்டரப் பாரு" என்று நிறுத்துகிறவன்தான் பார்மசிஸ்ட்.

நான் அரசு ஆஸ்பத்திரி சன்னலுக்குப் போனேன். அங்கே ஒரே வரிசை. ஒரு பெரியவர் மட்டும் ரொம்பநாள் "அதுல வச்சிரு" என்று பலகையைக் காட்டுவார். சுகர் மாத்திரை எப்போது போடணும் என்று அவர் கையில் கொடுத்துத்தான் சொல்வேன் என்றேன். முனகினார், வாங்கினார். அரசு வேலை என்பதால் அதைச் சொல்ல முடிந்தது. 18 சதவீதமும், அதற்குள் 2009இல் அருந்ததியருக்கு வந்த 3 சதவீதமும் வெறும் சம்பளக் கணக்கு இல்லை என்று இதனால்தான் சொல்கிறேன்.

படிப்புச் செலவு பற்றி. 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையும் நம்ம பிள்ளைகளுக்கு அரசு ஏற்கும் என்கிறது. பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கணும். நிர்வாகக் கோட்டாவில் போய் விழாதீர்கள், அரசு ஒதுக்கீட்டில் சேருங்கள். "முதல்ல கட்டு, ஸ்காலர்ஷிப் வந்தாத் தர்றோம்" என்று கேட்டால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். டி.பார்முக்கு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி உண்டு. அதில் நம்ம பிள்ளைகளைப் பெட்டி தூக்க, கடை கூட்ட விடுவார்கள். சீட்டு படிக்க விடு, மருந்து எடுக்க விடு என்று கேட்டு நில்லுங்கள்.

சொந்தக் கடை வைக்கிற வழியும் இருக்கு. 2025 பிப்ரவரி 24இல் முதல்வர் மருந்தகம் என்று ஆயிரம் கடைகள் திறந்தார்கள், டி.பார்ம், பி.பார்ம் முடித்தவருக்கு மூன்று லட்சம் மானியம். தாட்கோவில் கடன் கேட்கலாம். லைசென்சுக்குப் பத்து சதுர மீட்டர் இடம் வேணும். சிக்கலே இங்கேதான். பணம் கிடைத்தாலும் கடைவீதியில் அந்தப் பத்து சதுர மீட்டரை நமக்கு வாடகைக்கு விடுகிறவன் யார்? பேர் கேட்பான், தெரு கேட்பான், பிறகு "மச்சான் கேட்டிருக்காரு" என்பான். சேரிக்குள்ளேயே வையுங்கள் என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். சேரிக்கும் வேணும்தான். ஆனால் கடைவீதியை விட்டுக்கொடுத்துவிட்டு இல்லை.

பேரூராட்சிக் கடைகள் ஏலத்துக்கு வரும்போது, படித்த தலித் மருந்தாளுநருக்கு ஒரு கடை ஒதுக்கணும் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சான்றிதழை ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருக்கிற தம்பிகள் இருந்தால் தனியாக வந்து என்னைப் பாருங்கள், திருப்பி வாங்குகிற வழியைப் பேசுவோம்.